கடிகாரமும் ஒரு தராசே

அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைத் திருமறை மிகக் கடுமையாகக் கண்டிக்கின்றது. அக்கண்டனத்தைக் கொண்டே தொடங்கும் தனியொரு அத்தியாயம், 83ஆவது அத்தியாயம், அதிலே உண்டு. தமக்கு வர வேண்டியதை நிறைவாகப் பெற்றுக்கொண்டு, பிறர்க்குத் தர வேண்டியதில் மட்டும் கைவைப்போரின் கேடு அங்கே விளக்கப்பெறுகின்றது. நம் வணிகப் பெருமக்கள் இதனை அறியாதவரல்லர். தராசுத் தட்டின்மீது விரலை ஊன்றுவதும், படியைத் தலைதட்டி அளப்பதும், முழக்கோலை நழுவவிடுவதும் ஆகாத செயல்கள் என்பதை நம் வீட்டுச் சிறு பிள்ளைகளும் அறிவார்கள்.

ஆனால், கடையின் சுவரிலே தொங்கும் கடிகாரமும் ஓர் அளவைக் கருவியே என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எட்டு மணி நேரத்திற்கென்று பேசிய சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, பதினொரு மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டால், அந்த மூன்று மணி நேரம் யாருடையது? அதன் விலை யாரிடம் நின்றுபோயிற்று? இவ்வினாவிற்கு நாட்டுச் சட்டம் ஒரு விடை வைத்திருக்கின்றது. மார்க்கமும் ஒரு விடை வைத்திருக்கின்றது. இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை இப்பொழுது பேசுவதற்குக் காரணமும் உண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் நடுவணரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. முக்கால் நூற்றாண்டிற்கும் மேலாக ஆலைத் தொழிலாளரின் நேரத்தை வரையறுத்து நின்ற 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதனோடு நீங்கிற்று. பழைய கணக்கு மாறும் காலத்திலேதான் ஏமாறுவதும் ஏமாற்றுவதும் மிகுதி. ஆதலின், மாறியது எது, மாறாதது எது என்பதைத் தொழிலாளியும் முதலாளியும் ஒருங்கே தெரிந்துகொள்வது நலம்.

முத்துக் கரையில் நுழைந்த கடிகாரம்

தூத்துக்குடிக் கரையிலே முத்துக் குளித்த காலத்தில் உழைப்பை மணிக்கணக்கால் அளந்தவரில்லை. மூச்சை அடக்கிக் கடலடியில் சிப்பி அள்ளியவருக்குப் பங்குதான் கூலி. ஆங்கிலேயர் ஆட்சியில் நடைபெற்ற முத்துக் குளிப்புகளில், எடுத்த சிப்பிகளில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு மூழ்கியவருக்குமாகப் பிரித்தளிக்கும் வழக்கம் இருந்தது. பங்கு சிறிதென்று குறை கூறலாம். எனினும், எவ்வளவு தனக்குரியது என்பது கண்முன்னே குவியலாகக் கிடந்தது. ஆலை வந்த பின்னர் அந்தத் தெளிவு மறைந்தது. சங்கு ஊதும்போது உள்ளே நுழைந்து, மறுபடி ஊதும்போது வெளியேறுகின்றவனுக்கு, தான் கொடுத்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என்பதைக் காட்டக்கூடிய குவியல் எதுவுமில்லை. கடிகாரமே அவனது தராசாயிற்று. அத்தராசோ முதலாளியின் கையில் இருந்தது.

அத்தராசின் மேல் முதன்முதலில் கேள்வி எழுப்பிய ஊர்களுள் தூத்துக்குடியும் ஒன்று. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், ஹார்வி கம்பெனியாரின் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். கூலி உயர்வு மட்டுமன்று, வார விடுமுறையும் வேலை நேரக் குறைப்பும் அன்றைய கோரிக்கைகளாக இருந்தன. சில நாட்களிலேயே ஆலை நிருவாகம் இறங்கி வந்தது; கூலி உயர்ந்தது; ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அந்த மகிழ்ச்சி அடங்குமுன்னரே, மார்ச்சு 12ஆம் நாள், வ.உ.சி. கைது செய்யப்பெற்றார். அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பெரும் பொருளுதவி செய்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பது நம் சமுதாயம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

பின்னர்ச் சட்டம் படிப்படியாக இறங்கி வந்தது. 1911இல் நெசவாலைகளில் வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என்று வரம்பு கட்டப்பெற்றது. 1922இல் அது நாளைக்குப் பதினொன்றும் வாரத்திற்கு அறுபதுமாகக் குறைந்தது. 1934இல் நிரந்தர ஆலைகளுக்குப் பத்தும் ஐம்பத்து நான்கும் ஆயின. 1946இல் ஒன்பதும் நாற்பத்தெட்டும் ஆயின. இடையே 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1923 மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். அறுபதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு வர இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கின்றது என்பதை மறத்தலாகாது.

கடைக்கு என்ன சட்டம்?

சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரங்களிலிருந்து வெளியூர் சென்று கடைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் மிகப் பலர். துணிக்கடை, பாத்திரக்கடை, மளிகைக்கடை, உணவு விடுதி என்று சென்னையின் பெருந்தெருக்களில் நம் பகுதியின் பேச்சு வழக்கைக் கேட்காத நாளில்லை. ஆதலின் ஆலைச் சட்டத்தைவிடக் கடைச் சட்டமே நம் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டினது. இது மாநிலச் சட்டம். நடுவணரசின் புதிய தொகுப்புகளால் நீக்கப்பட்டதன்று. சென்னையிலும் நகராட்சிகளிலும் அரசு அறிவிக்கை செய்யும் பிற ஊர்களிலும் செல்லுபடியாவது. அதன் சாரம் வருமாறு:

கடைச் சிப்பந்தியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேலும், வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்குதல் கூடாது. நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அவசியம் நேர்ந்தால் எட்டு மணிக்கு மேலும் வேலை வாங்கலாம். ஆனால், அந்த மிகை நேரத்தையும் சேர்த்து நாளொன்றுக்குப் பத்து மணியும், வாரமொன்றுக்கு ஐம்பத்து நான்கு மணியும் தாண்டலாகாது. அம்மிகை நேரத்திற்கு, வழக்கமான ஊதிய விகிதத்தைப்போல் இரு மடங்கு கொடுத்தாக வேண்டும். இதுவே நாம் ‘ஓவர்டைம்’ என்று வழங்குவது. 2021இல் செய்யப்பெற்ற திருத்தத்தால், நின்றுகொண்டே வேலை செய்யும் கடைச் சிப்பந்திகள் இடையிடையே அமர்ந்துகொள்ள இருக்கை கொடுக்க வேண்டுமென்பதும் இச்சட்டத்திற் சேர்ந்தது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கின்றது. நாளைக்குப் பத்து மணி என்று ஆறு நாட்களுக்கும் வேலை வாங்கினால் அறுபது மணி ஆகிவிடும். அது ஐம்பத்து நான்கைத் தாண்டுகின்றது. ஆகவே, தினந்தோறும் பத்து மணி என்பது இரட்டைக் கூலி கொடுத்தாலும் சட்டப்படி ஆகாது. மிகை நேரம் வாரத்திற்கு ஆறு மணிக்குள் அடங்க வேண்டும். வேலை மிகுந்த நாளுக்கென்று கொடுத்த சலுகையை அன்றாட வழக்கமாக்கிக் கொள்ளுதல் கூடாது என்பதே இதன் கருத்து.

கணக்கு எப்படி?

எண்களாற் பார்த்தால் உண்மை தெளிவாகும். விளக்கத்திற்காக ஒரு சிப்பந்தியின் மாதச் சம்பளம் 15,600 ரூபாய் எனக் கொள்வோம். மாதத்திற்கு 26 வேலை நாட்களென்றால் நாட்கூலி 600 ரூபாய். எட்டு மணியால் வகுத்தால் மணிக்கு 75 ரூபாய். மிகை நேரத்திற்கு இரு மடங்காகிய 150 ரூபாய்.

இவர் காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்து, இரவு ஒன்பது மணிக்குப் பூட்டுகின்றார். உணவுக்கு ஒரு மணி நேரம் போக, பதினொரு மணி நேரம் உழைக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு மூன்று மணி மிகை. ஆறு நாட்களுக்குப் பதினெட்டு மணி. வாரத்திற்கு 2,700 ரூபாய். நான்கு வாரத்திற்கு 10,800 ரூபாய். அதாவது, கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் மேற்பட்ட தொகை மாதந்தோறும் கண்ணுக்குத் தெரியாமல் நின்றுபோகின்றது. இவ்வளவு நேரம் வேலை வாங்கியதே சட்ட மீறல் என்பது ஒரு குற்றம். அதற்குரிய கூலியையும் கொடாதது இன்னொரு குற்றம். சட்ட வரம்பைத் தாண்டி வேலை வாங்கியதால் அந்த நேரத்திற்குக் கூலியே இல்லை என்று முதலாளி வாதாடவும் முடியாது. தன் தவற்றையே தனக்கு இலாபமாக்கிக்கொள்ள நீதி இடங்கொடாது.

“கடையில் ஆளில்லாத நேரத்தில் சும்மாதானே நிற்கின்றான்?” என்று சிலர் கேட்பர். வாடிக்கையாளர் வரும் வரையில் காத்து நிற்பதும் கடை வேலையே. அந்த நேரத்தில் அவன் வீட்டிற்குச் சென்று தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச முடியுமானால் அது அவனுடைய நேரம். அவ்வாறு போக முடியாதெனில் அது முதலாளியின் நேரம். முதலாளி விலை கொடுக்க வேண்டிய நேரம்.

புதிய தொகுப்புகள் சொல்வதென்ன?

2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும், 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய தொகுப்புச் சட்டமும் மிகை நேரத்தைப் பற்றிப் பேசுவன. இவ்விரண்டிலும் இரு மடங்கு என்னும் விதி நிலைத்திருக்கின்றது. நாளொன்றுக்கு எட்டு மணி என்பது இரண்டாவது தொகுப்பிலே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கின்றது. நீங்கிய சட்டத்தில் அது ஒன்பதாக இருந்தது. மிகை நேரத்தை நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் கணித்துப் பார்த்து, தொழிலாளிக்கு எது ஆதாயமோ அதனைக் கொள்ள வேண்டும் என்றும், தொழிலாளியின் இசைவு பெற்றே மிகை நேர வேலை வாங்க வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. இவை வரவேற்கத்தக்கவை.

கவலைக்குரியனவும் உண்டு. பழைய சட்டம், காலாண்டிற்கு இத்தனை மணிக்கு மேல் மிகை நேரம் கூடாதென்று தானே வரம்பு கட்டியிருந்தது. பொதுவாக அது ஐம்பது மணி. புதிய தொகுப்பிலோ அவ்வரம்பு அரசு இயற்றும் விதிகளுக்கு விடப்பட்டுள்ளது. சட்டத்தை மாற்றச் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ கூட வேண்டும். விதியை மாற்ற ஓர் அறிவிக்கை போதும். மேலும், மின்விசையுடன் பத்துப் பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றிருந்தது இருபது பேராக உயர்ந்துவிட்டது. மின்விசையின்றி இருபது பேர் என்றிருந்தது நாற்பதாயிற்று. சிறு பட்டறைகள் பல தொழிற்சாலை என்ற வேலிக்கு வெளியே நிற்க நேரும்.

மேற்பார்வையாளராக இருந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேற் பெறுவோர் இத்தொகுப்பின்படி ‘தொழிலாளி’ ஆகார். இதனை எண்ணி, மூட்டை தூக்குபவருக்கும் ‘சூப்பர்வைசர்’ பட்டம் சூட்டுவோர் உண்டு. பெயர்ப்பலகையைப் பார்த்து நீதிமன்றம் தீர்ப்பளிப்பதில்லை. செய்யும் வேலையைப் பார்த்தே தீர்ப்பளிக்கின்றது.

ஊதியத் தொகுப்பில் தொழிலாளிக்குப் பெருந்துணையாகும் பிரிவுகள் சில உள்ளன. மாதச் சம்பளம் மறுமாதம் ஏழாம் நாள் முடியுமுன் தரப்பட வேண்டும். நாட்கூலி அன்றைய வேலை முடிவிலும், வாரக்கூலி வாரத்தின் கடைசி வேலை நாளிலும் தரப்பட வேண்டும். வேலையை விட்டு நிற்பவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்குத் தீர்க்கப்பட வேண்டும். ஊதியச் சீட்டு வழங்குவது முதலாளியின் கடமை. கூலி குறைந்ததென்று வழக்குத் தொடுக்க மூன்றாண்டு காலம் உண்டு. கொடுத்தாயிற்று என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியினுடையது. கொடாத தொகையோடு அதன் பத்து மடங்கு வரையில் ஈட்டுத் தொகை விதிக்கவும் உரிய அதிகாரிக்கு அதிகாரமுண்டு. ஆகவே, வருகைப் பதிவேட்டில் நேரத்தைக் குறிக்காத முதலாளி, தொழிலாளியை ஏமாற்றுவதாக எண்ணிக்கொண்டு தன் சான்றைத் தானே அழித்துக்கொள்கின்றார்.

ஏன் இரு மடங்கு?

மிகை நேரத்திற்கு ஏன் இரட்டைக் கூலி? ஒன்றரை மணிக்கு ஒன்றரைக் கூலி என்று நேர் விகிதமாகக் கொடுத்தால் போதாதோ? சட்டத்தின் உட்கருத்து இங்கேதான் இருக்கின்றது.

ஒன்பதாவது மணி நேரத்தில் உழைப்பவனின் கைகால்கள் முதல் மணி நேரத்துக் கைகால்கள் அல்ல. அசதி ஏறிவிட்டது, இயந்திரத்தில் விரல் சிக்குவதும், பாரவண்டி ஓட்டுநர் கண்ணயர்வதும் அந்த நேரத்திலேதான். இது ஒரு காரணம். மற்றொன்று பொருளியலைச் சார்ந்தது. மிகை நேரத்திற்கும் அதே விகிதம் என்றால், இரண்டு பேர் செய்ய வேண்டியதை ஒருவனிடமே வாங்கிக்கொள்வது முதலாளிக்கு எளிது. இரட்டிப்புக் கொடுக்க வேண்டுமென்றால், இன்னொருவரை வேலைக்கு அமர்த்துவதே சிக்கனம் என்பதை அவரே கணக்குப் போட்டுக் கண்டுகொள்வார். ஆக, இவ்விதி வேலையில் இருப்பவனின் உடலுக்கு வேலி. வேலையில்லாமல் தெருவில் நிற்பவனுக்கோ ஒரு வாசல்.

இவ்வேலியை அகற்ற அண்மைக் காலத்தில் நடந்த முயற்சிகள் மூன்றினை நோக்கினால் இது விளங்கும். கொரோனாத் தொற்றின்போது, 2020 ஏப்ரல் 17ஆம் நாள், குசராத் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஆலைகளில் பன்னிரண்டு மணி வேலை. ஆனால், எட்டு மணிக்கு 80 ரூபாயென்றால் பன்னிரண்டு மணிக்கு 120 ரூபாய் கொடுத்தாற் போதும் என்று அதிலேயே கணக்குக் காட்டியிருந்தது. அன்றைய சட்டப்படி ஒன்பது மணிக்கு மேற்பட்ட மூன்று மணிக்கும் இரட்டித்துப் பார்த்தால் 150 ரூபாய் வர வேண்டும். அந்த முப்பது ரூபாயைப் பற்றியதே வழக்கு. 2020 அக்டோபர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வறிவிக்கையைத் தள்ளுபடி செய்து, இடைக்காலத்தில் உழைத்தவர்களுக்கெல்லாம் சட்டப்படியான மிகை நேரக் கூலியைக் கொடுக்குமாறு ஆணையிட்டது. நோயால் வந்த இடரின் சுமையைத் தொழிலாளியின் தோளில் மட்டும் ஏற்றுதல் நியாயமன்று என்பதே அத்தீர்ப்பின் உயிர்நாடி.

2023இல் கருநாடகம் தன் ஆலைச் சட்டத்தைத் திருத்தி, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வரையில் வேலை வாங்க வழி செய்தது; காலாண்டு மிகை நேர வரம்பையும் 145 மணியாக உயர்த்தியது. அதே ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் தமிழகச் சட்டமன்றத்திலும் வேலை நேர விதிகளைத் தளர்த்த இடந்தரும் திருத்த முன்வரைவு நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளுமே எதிர்த்தன. மூன்று நாட்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே நாளன்று, அதனைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

அத்திருத்தத்தை ஆதரித்தோர் ஒரு வாதம் கூறினர்: வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி என்பது மாறவில்லை, நான்கு நாட்கள் பன்னிரண்டு மணி உழைத்து மூன்று நாட்கள் ஓய்வு கொள்ளலாமே என்றனர். தாளில் இது அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால், நாள் வரம்பு உயர்ந்துவிட்டால், ஒன்பது மணிக்கு மேற்பட்ட நேரத்திற்குக் கிடைத்துவந்த இரட்டிப்புக் கூலி மறைந்துபோகும் என்பதும், விடுதியிலே முதலாளியின் நிழலிலே தங்கியிருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் ‘இசைவு’ எத்தகையது என்பதும் எதிர்த்தோரின் கேள்விகளாக இருந்தன. இக்கேள்விகள் புதிய தொகுப்புகளின் கீழ் இயற்றப்படும் விதிகளுக்கும் பொருந்துவனவே.

மத்யன் நகரத்து ஒப்பந்தம்

திருமறையிலே வேலை ஒப்பந்தம் ஒன்று சொல்லப்பட்டிருக்கின்றது. உயிருக்குத் தப்பி வந்த மூஸா (அலை) அவர்களை, மத்யன் நகரத்துப் பெரியவர் ஒருவர் தம்மிடம் பணிபுரியுமாறு கேட்ட செய்தி 28ஆவது அத்தியாயத்தில் வருகின்றது. எட்டாண்டு என்பது பேச்சு. பத்தாண்டாக நிறைவு செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பத்தைச் சார்ந்தது. அவர்மீது சிரமத்தைச் சுமத்தத் தாம் நாடவில்லை என்றும் அப்பெரியவர் வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றார். இரண்டு தவணைகளில் எதனை நிறைவேற்றினாலும் தம்மீது நெருக்குதல் கூடாதென்பதை மூஸா (அலை) அவர்களும் அங்கேயே உறுதி செய்துகொள்கின்றார்கள்.

இங்கே ஆண்டுகளைப் பற்றிய பேச்சு; நம் சட்டத்திலோ மணிகளைப் பற்றிய பேச்சு. எண்கள் ஒத்திருப்பதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஒப்பந்தத்தின் அமைப்பைத்தான் நாம் உற்று நோக்க வேண்டும். கட்டாயமான அளவு எது, விருப்பமான அளவு எது என்பது முன்னரே பிரிக்கப்பட்டிருக்கின்றது. அன்னிய ஊரில், கையில் ஒன்றுமில்லாமல், போக்கிடமின்றி நின்றவரிடம் பேசும்போதே இந்நேர்மை கடைப்பிடிக்கப்பட்டது. இல்லாதவனின் இயலாமையை விலை பேசவில்லை. ஊரை விட்டு வந்து நம் கடையில் நிற்கும் பிள்ளையின் நிலையும் அதுவேயன்றோ? அளவையில் நேர்மையைப் போதிக்க ஷுஐப் (அலை) அவர்கள் அனுப்பப்பட்டதும் அதே மத்யன் மக்களிடந்தான்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனையும் இதனையொட்டியதே. உழைத்தவனின் வியர்வைக்கும் அவன் கூலிக்கும் இடையில் காலத்தை நீட்டாதிருக்க வேண்டும் என்றும், பணியாளின் வலிமைக்கு மேற்பட்ட சுமையை ஏற்றலாகாது, ஏற்ற நேரின் தாமும் தோள் கொடுக்க வேண்டும் என்றும் அவர்கள் அறிவுறுத்தினார்கள். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கையும் நாம் பள்ளிகளில் பன்முறை கேட்டதே. தொழிலாளர் நீதிமன்றத்திற்குத் தப்பிவிடலாம்; அந்த நீதிமன்றத்தில் வருகைப் பதிவேட்டைத் திருத்தி எழுத முடியாது.

நோன்பு மாதத்துக் கணக்கு

நம் கடைகளில் மிகை நேரம் மிகுவது நோன்பின் கடைசிப் பத்து நாட்களில். பெருநாள் வியாபாரம் நள்ளிரவு தாண்டியும் நடைபெறும். கடைக்காரருக்கு ஆண்டு வியாபாரத்தின் பெரும்பகுதி அப்போதுதான் என்பது உண்மையே. பெருங்கடைகளின் போட்டியாலும், வீட்டிலிருந்தபடியே பொருள் வாங்கும் புதுப் பழக்கத்தாலும் சிறு வணிகர் படும் துன்பமும் மெய்யே. அத்துன்பத்திற்கு ஈடு செய்ய வேண்டியவன் கடைப் பையன்தானா என்பதே கேள்வி.

பெருநாளைக்குப் புத்தாடை எடுத்துக் கொடுத்தோம், பிரியாணி போட்டோம், கையில் ஆயிரமோ இரண்டாயிரமோ இனாமாகவும் வைத்தோம் என்று முதலாளிமார் பெருமிதத்தோடு கூறுவதுண்டு. கொடுத்த நெஞ்சம் நல்ல நெஞ்சமே. ஆனால், இனாம் வேறு, கடன் வேறு. மிகை நேரக் கூலி அந்தப் பையனுடைய ஹக். முதலாளியிடம் தங்கியிருக்கும் அவனுடைய பொருள். பிறன் பொருளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்தே அவனுக்கு ஒரு பகுதியை அன்பளிப்பாக எடுத்துக் கொடுப்பது எவ்வகைத் தருமம்? நோன்பு மாதத்திலேதான் நம்மவர் ஜகாத் கணக்கும் பார்க்கின்றனர். சரக்கையும் ரொக்கத்தையும் பொன்னையும் கூட்டுவதற்கு முன்னால், சிப்பந்திகளுக்குத் தர வேண்டிய மிகை நேரக் கூலியைக் கழித்து அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னர்க் கூட்டினால், அக்கணக்கு தூய்மையான கணக்காக இருக்கும்.

வீட்டிற்கும் இது பொருந்தும். நோன்புக் கஞ்சியும் ஸஹர் உணவும் விருந்தாளிகளுமாக வீட்டு வேலை இரட்டிக்கின்ற அம்மாதத்தில், பாத்திரம் துலக்கும் பெண்ணின் சம்பளம் மட்டும் பழைய சம்பளமாகவே இருப்பதுண்டு. வீட்டுப் பணியாளருக்கும் மணிக்கணக்கில் குறைந்தபட்ச ஊதியத்தைத் தமிழக அரசு 2018இல் நிர்ணயித்திருக்கின்றது என்பதை இல்லத்தரசியர் அறிதல் வேண்டும்.

அரபு நாடுகளுக்குச் சென்ற நம் பிள்ளைகள் அங்குள்ள விதியை நன்கறிவர். சவூதி அரேபியாவில் மிகை நேரத்திற்கு மணிக்கூலியோடு அடிப்படைச் சம்பளத்தில் பாதி சேரும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு ஆறு மணியே வேலை. ஐக்கிய அரபு அமீரகத்தில் கால் பங்கு கூடுதல், இரவு பத்து மணிக்கு மேற்பட்டால் அரைப் பங்கு கூடுதல். நம் நாட்டு விதியோ முழுதும் இரட்டிப்பு. எழுத்தளவில் நம்முடையதே மேலானது. ரியாத்திலோ துபாயிலோ ‘ஓவர்டைம்’ சீட்டில் ஐந்து ரியால் குறைந்தாலும் கேட்டு வாங்கியவர், ஊர் திரும்பிச் சொந்தக் கடை வைத்த பின்னர் அச்சொல்லையே மறந்துவிடுதல் முறையாகாது.

செய்ய வேண்டியவை

முதலாளிமார்க்குச் சொல்வது: வேலைக்கு அமர்த்தும்போதே நேரத்தையும் கூலியையும் எழுத்திற் குறியுங்கள். வருகையோடு, வந்த நேரமும் போன நேரமும் பதிவேட்டில் ஏறட்டும். பன்னிரண்டு மணி நேரம் கடை திறந்திருக்க வேண்டுமெனில், காலைக்கு ஒருவர் மாலைக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். இரட்டிப்புக் கொடுப்பதைவிட அது மலிவு. பெருநாட் காலத்து மிகை நேரக் கூலியை இனாமிலிருந்து பிரித்துத் தனிச் சீட்டாகக் கொடுங்கள்.

தொழிலாளத் தோழர்களுக்குச் சொல்வது: நீங்கள் வேலை செய்த நேரத்தை அன்றன்றே ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஊதியச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். முதலில் முதலாளியிடம் மரியாதையோடு பேசுங்கள். பயனில்லையேல் தொழிலாளர் துறை அலுவலகத்தை நாட உங்களுக்கு உரிமை உண்டு. அதே வேளையில், கூலிக்குரிய எட்டு மணி நேரம் முதலாளியின் அமானிதம் என்பதை மறவாதீர்கள். வேலை நேரத்தில் கைப்பேசியில் கழியும் மணித்துளிகளும் அந்தத் தராசிலேதான் நிறுக்கப்படும்.

ஊர் ஜமாஅத்துகளும் இதிலே ஒரு பணி செய்யலாம். திருமணப் பதிவும் பாகப்பிரிவினையும் பார்க்கும் பெரியவர்கள், ஆண்டுக்கொரு முறை, நோன்பிற்கு முந்திய மாதத்திலே, கடைக்காரர்களையும் சிப்பந்திகளையும் ஓரிடத்தில் அமர்த்தி இக்கணக்கைப் பேசித் தீர்த்து வைக்கலாம். வழக்கு மன்றம் வரை போகாமலே பல கண்ணீர்கள் துடைக்கப்படும்.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் வியாபாரத்தை நிறுத்தச் சொன்ன மார்க்கம், தொழுகை முடிந்ததும் கலைந்து சென்று அருளைத் தேடவும் சொல்லியிருக்கின்றது. இன்று அவ்வாறு கலைந்து கடைக்குத் திரும்பும்போது, கல்லாவில் அமருமுன், சுவரிலுள்ள கடிகாரத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்ப்போமாக. நம் பெட்டியில் இருப்பது நம்முடையதாக மட்டும் இருக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக.